'அவர்கள்' இல்லாமல் உள்ளே வர மறுத்த சாட்சி

சம்மனில் சாட்சியின் பெயருக்குப் பின்னால் 'அவர்கள்' என்று போடலாமா, கூடாதா என்று உங்களில் ஒருவர் போன வாரம் என்னைக் கேட்டார். சட்டப்படி பதில் ஒரே வார்த்தை: தேவையில்லை. அதை அவருக்கு அப்போதே சொல்லிவிட்டேன். ஆனால் அந்த ஒரு வார்த்தையை மட்டும் தெரிந்துகொண்டு பெஞ்சு கிளார்க் நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல நேரம் இருக்கவில்லை. இப்போது நான் ரிட்டயர்டு ஆள். நேரத்துக்குக் குறைவில்லை. நீங்களும் வேலைக்குப் புதுசு. கேளுங்கள்.

மெட்ராஸ் ராஜதானி நாட்களில் சித்தூரில் ஒரு முனிசீப்பின் கோர்ட்டில் நான் பெஞ்சு கிளார்க்காக இருந்தேன். முனிசீப்புக்கு முன்னால் கீழே உட்கார்ந்து, வழக்குக் கட்டை எடுத்துக் கொடுப்பதும், சாட்சியைக் கூப்பிடச் சொல்வதும், அவர் கூண்டில் ஏறியதும் சத்தியப் பிரமாணம் வாங்குவதும் என் வேலை. அந்த வேலையைப் பற்றி உங்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. பெயர்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில் ஒரு ஆளின் பெயரைப் பார்த்தால் அதில் பெயர் எது, வால் எது என்று பிரித்தெடுப்பதே பெரிய வேலை. ராவ் பகதூர், ராவ் சாகிப் என்பவை பட்டங்கள். சர்க்கார் சன்னது எழுதிக் கொடுத்திருக்கும். பெயருக்கு முன்னால் வரும். பி.ஏ., பி.எல். படித்து வாங்குவது, பின்னால் வரும். படித்தும் வாங்க முடியாதவர்கள் 'பி.ஏ. பெயில்' என்று போட்டுக்கொண்டார்கள். அதற்கும் கல்யாணச் சந்தையில் நல்ல மதிப்பு இருந்தது. முதலியார், நாயுடு, பிள்ளை எல்லாம் பிறக்கும்போதே ஒட்டிக்கொண்டு வருபவை. இவை எதிலும் சேராதது 'அவர்கள்'. கலெக்டர் ஆபீஸிலிருந்து ஒரு பெரிய மனிதருக்குக் கடிதம் போனால், ஆள் தமிழராக இருந்தால் பெயருக்குப் பின்னால் 'அவர்கள்' போடுவார்கள், தெலுங்கராக இருந்தால் 'காரு'. யாருக்குப் போட வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. கடிதம் எழுதுகிற குமாஸ்தா அன்றைக்கு வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தாரா இல்லையா என்பதைப் பொறுத்தது.

நான் மிஷன் சபையைச் சேர்ந்தவன். எங்கள் சபையில் பாதிரியாரை 'ஐயர்' என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் பாதிரியார் ஒருமுறை சாட்சி சொல்லக் கோர்ட்டுக்கு வந்தார். தேவசகாயம் ஐயர் என்று வாசலில் நின்று டவாலிச் சேவகன் கூப்பிட்டதில் கடைசி வார்த்தை மட்டும் எதிர் ஹோட்டல்காரர் காதில் விழுந்திருக்கிறது. பகல் சாப்பாட்டுக்குப் போனவரைப் பிராமணர்களுக்கென்று தனியாக வைத்திருந்த உள்கட்டில் உட்கார வைத்து, நெய்யை இரண்டு தரம் ஊற்றி உபசரித்து அனுப்பினார். பாதிரியார் வாயைத் திறக்கவில்லை. பொய் சொல்லக் கூடாது என்றுதான் வேதத்தில் இருக்கிறது, நெய் வேண்டாம் என்று சொல்லச் சொல்லவில்லை என்று பிறகு எனக்கு விளக்கினார்.

பெயருக்குப் பின்னால் வருகிற வார்த்தை இப்படி நெய்யாகவும் வரும். சில சமயம் வம்பாகவும் வரும். வம்பாக வந்த கதை இது.

குடிபாலாவில் பொன்னம்மாள் என்று ஒரு விதவை. வேர்க்கடலையும் கொஞ்சம் நெல்லும் போடுகிற குடும்பம். அவளுடைய மாமனார் உயிரோடு இருக்கும்போதே தம்முடைய இரண்டு மகன்களுக்கும் நிலத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். கிணறு மட்டும் ஒன்று. அதில் ஒரு நாள் மூத்தவன் மாடு பூட்டிக் கவலை ஏற்றம் கட்டி இறைப்பது, மறுநாள் இளையவன் இறைப்பது என்று வாய்ப்பேச்சாக ஏற்பாடு. பொன்னம்மாளின் புருஷன் இளையவன். பெரியவர் போனார், பிறகு மகன்கள் இருவரும் போனார்கள். மூத்தவனின் பிள்ளை ஏகாம்பரம் ஒரு நாள் கிணற்று மேட்டில் முள்ளை வெட்டிப் போட்டு, இது என் அப்பன் கிணறு, உன் புருஷனுக்கு ஏதோ பாவம் பார்த்துத் தண்ணீர் விட்டோம், இனிமேல் கிடையாது என்று சொல்லிவிட்டான். அதற்குத்தான் வழக்கு.

பொன்னம்மாள் தரப்பில் பக்கத்து நிலத்துக்காரர்கள் இருவர் சாட்சி சொல்லியாயிற்று. அவள் புருஷன் தண்ணீர் இறைத்ததைப் பார்த்தோம் என்றார்கள். உரிமையில் இறைத்தானா, தயவில் இறைத்தானா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டதும், அது எங்களுக்குத் தெரியாது என்றுவிட்டார்கள். பெரியவர் ஏற்பாடு செய்தபோது கூடவே இருந்து காதால் கேட்டவர்களில் உயிரோடு மிஞ்சியிருந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் மங்கபதி நாயுடு.

ஏற்பாடு நடந்த காலத்தில் அவர் கடலை வியாபாரத்துக்காகக் குடிபாலாப் பக்கம் வந்து போய்க்கொண்டிருந்தாராம். பிறகு திருப்பதிக்குப் போய் பித்தளைப் பாத்திரக் கடை வைத்து, யாத்திரைக்கு வருகிறவர்களுக்குக் குத்துவிளக்கும் செம்பும் விற்று, நன்றாகச் சம்பாதித்துவிட்டார். அந்த வருஷம்தான் சர்க்கார் அவரைக் கௌரவ மாஜிஸ்திரேட்டாகப் போட்டிருந்தது. கௌரவ மாஜிஸ்திரேட் என்றால் சம்பளம் இல்லாத மாஜிஸ்திரேட். தெருவில் திரிந்த மாட்டுக்கும், கோவில் வாசலில் ஜேப்பில் கைவிட்டவனுக்கும் அபராதம் போடலாம். அந்த உத்தியோகம் கொடுத்த கடிதத்தில், தெலுங்குக்காரருக்குக் 'காரு' என்று போடுவதற்குப் பதிலாக யாரோ ஒரு குமாஸ்தா தவறிப்போய் 'அவர்கள்' என்று போட்டுவிட்டான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் சம்மன் முதலில் திரும்பி வந்தது. கொண்டுபோன ஆள் சொன்னான்: "அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லன்னு அவரே சொல்லிட்டாருங்க. நீங்கதானே மங்கபதி நாயுடுன்னேன். பாதிப் பேரு சரியா இருந்தா முழு ஆளு ஆயிடுமான்னு கேட்டாரு."

சம்மனை வாங்க மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டு வரலாம், அது கையில் கொடுத்ததற்குச் சமம் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படியே ஒட்டினோம். கடைத்தெருவில் எல்லோரும் நின்று படித்தார்களாம். நாயுடு தாமும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, வேறு யாருடைய வீட்டு நோட்டீஸையோ படிப்பதுபோலப் படித்துவிட்டு, அதன்மேல் ஒரு பெரிய பித்தளைத் தாம்பாளத்தைச் சாத்தி வைத்தாராம்.

இருந்தாலும் வாய்தா அன்றைக்கு வந்துவிட்டார். வராவிட்டால் வாரண்ட் வரும் என்பது மாஜிஸ்திரேட்டுக்குத் தெரியாதா. பாகாலாவில் வண்டி மாறி, ரயிலில் வந்து இறங்கினார். ஜரிகைத் தலைப்பாகை, மூடிய கழுத்துக் கோட்டு, கையில் வெள்ளிப் பூண் போட்ட தடி. பின்னால் கடை ஆள் ஒரு கைப்பிடி நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தான். சாட்சிகள் எல்லோரும் கோர்ட் வளாகத்து வேப்ப மரத்தடியில் குந்தியிருப்பார்கள், தமக்கு உட்கார இடம் இராது என்று திருப்பதியிலிருந்தே நாற்காலியைக் கொண்டுவந்திருந்தார். மரத்தடியில் அதைப் போட்டு, கோர்ட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

வழக்கை எடுத்ததும் நான் சொல்ல, டவாலி கோவிந்தன் வாசலில் போய் நின்று கூப்பிட்டான். கோவிந்தனுக்கு வெண்கலக் குரல். சித்தூர் ரயிலடியில் இருப்பவனுக்கும் கேட்கும்.

"மங்கபதி நாயுடு. மங்கபதி நாயுடு. மங்கபதி நாயுடு."

நாயுடு வேப்ப மரத்தில் இருந்த காக்காயைப் பார்த்தார்.

"சாட்சி ஆஜராகவில்லை" என்று எதிர்த்தரப்பு வக்கீல் சந்தோஷமாக எழுந்தார். பொன்னம்மாளின் வக்கீல் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "அதோ உட்கார்ந்திருக்கிறாரே" என்றார். முனிசீப் என்னைப் பார்த்தார். நான் வெளியே போனேன்.

"நாயுடுகாரு, உங்களைத்தான் கூப்பிட்டது" என்றேன்.

"கேட்டுச்சு. மூணு தரம் கூப்பிட்டான். மூணு தரமும் பாதிதான் கூப்பிட்டான்" என்றார். "மீதியையும் கூப்பிடச் சொல்லுங்க, வரேன். சர்க்கார் கடுதாசியில எப்படி இருக்குதோ அப்படி."

"கோர்ட்டில் யாருக்கும் அப்படிக் கூப்பிடுவதில்லையே."

"சர்க்கார் பெருசா, உங்க முனிசீப் பெருசா? சர்க்காரே 'அவர்கள்'னு எழுதின பிறகு அது என் பேருதானே. நான் சட்டத்த மீறல கிளார்க்கு சார். என் பேரச் சொல்லிக் கூப்பிட்டா எழுந்து வர்றதுக்கு ரெடியாத்தான் உக்காந்துகினு இருக்கறேன்."

உள்ளே வந்து முனிசீப்பிடம் சொன்னேன். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். வயது குறைவு, கண்டிப்பு அதிகம். கெட்டவர் இல்லை. அவருக்குச் சட்டம் என்றால் தாயார் மாதிரி. யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.

"'அவர்கள்' என்பது பட்டமா?" என்று பொன்னம்மாளின் வக்கீலைக் கேட்டார்.

"பட்டம் மாதிரிதான் ஐயா."

"சன்னது இருக்கிறதா?"

"இல்லை. ஆனால் சர்க்காரே வழங்கியிருப்பதால் வழக்கத்தில் அது பெயரின் ஒரு பகுதியாகிவிட்டது என்பது என் வாதம்."

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "அந்தச் சாட்சிக்கு 'அவர்கள்' என்றால் என் சாட்சிக்கும் வேண்டும். என் சாட்சி மாட்டு வைத்தியம் பார்க்கிறவர். ஊரில் எல்லா மாடுகளும் அவரை மதிக்கின்றன."

"சரிதான்" என்றார் முனிசீப். அவர் சிரிக்கவில்லை. "ஒருவருக்கு மரியாதை சேர்த்துக் கூப்பிட்டால், அவர் சொல்வதைக் கேட்பதற்கு முன்னாலேயே கோர்ட் அவரை நம்பிவிட்டதாக ஆகும். இங்கே பெயர் மட்டும்தான். பகல் சாப்பாட்டுக்கு எழுந்திருப்பதற்குள் சாட்சி உள்ளே வராவிட்டால் வாரண்ட் போடுவேன். கிளார்க், அடுத்த வழக்கை எடும்."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். நாயுடு சொன்னதிலும் ஒரு ஞாயம் இருந்தது. இரண்டு பக்கமும் ஞாயம் இருந்தால் நடுவில் நிற்கிறவன் பாடு திண்டாட்டம்.

பொன்னம்மாள் வராந்தாவில் என்னை மடக்கினாள். "வாரண்டு வேணாம் கிளார்க்கய்யா. போலீஸ்காரன வுட்டுப் புடிச்சிக்கினு வந்தா அந்த ஆளு எனக்கு நல்லதா சொல்லுவாரு? கோவத்துல, எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லன்னுட்டா நான் எங்க போவேன்? அங்க நாத்து காஞ்சிக்கினு கீது."

"நீயே போய்க் கேட்டுப் பாரேன்" என்றேன்.

போனாள். ஜன்னல் வழியே பார்த்தேன். நாயுடு அவர்களே, மாஜிஸ்திரேட்டு அவர்களே, திருப்பதி அவர்களே என்று வாய்க்கு வந்ததற்கெல்லாம் பின்னால் 'அவர்கள்' சேர்த்து மன்றாடிக்கொண்டிருந்தாள். அவர் அவளை உட்காரச் சொல்லி, கடை ஆளை விட்டு மோர் வாங்கிக் கொடுத்தார். "நீ கூப்பிட்டது போதும்மா. கோர்ட்டு கூப்பிடணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கோவிந்தனை ஓரமாக அழைத்துப்போய், அடுத்த தடவை மெதுவாகக் 'காரு' சேர்த்துப் பார் என்றேன். 'அவர்கள்' கேட்டால் 'காரு' கொடுத்துப் பார்ப்போம் என்று எண்ணம். ஆனால் மெதுவாக என்பதெல்லாம் கோவிந்தன் தொண்டையில் இல்லை. "மங்கபதி நாயுடுகாரு" என்று அவன் கத்தியது உள்ளே முனிசீப் காதில் நேராக விழுந்தது.

"காரு என்று யார் சேர்த்தது?"

"இருமல் ஐயா" என்றான் கோவிந்தன்.

வெளியே நாயுடு அசையவே இல்லை. கடை ஆளிடம் சொல்லி அனுப்பினார்: காரு என்று கத்திரிக்காய் விற்கிறவள் முதல் எல்லோரும் தம்மைக் கூப்பிடுகிறார்களாம். அதற்கு இவ்வளவு தூரம் ரயில் ஏறி வர வேண்டியதில்லையாம்.

சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வாரண்ட் எழுதுகிற பாரத்தை எடுத்து வைக்கும்படி முனிசீப் கையைக் காட்டினார். பாரத்தைத் தேடுகிற சாக்கில் அலமாரிக்குப் பின்னால் போய் நின்றேன். அவர்கள், அவர்கள் என்று அந்த வார்த்தையையே மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். எந்த வார்த்தையையும் அப்படித் திரும்பத் திரும்பச் சொன்னால் அர்த்தம் கழன்று போகும். எனக்குக் கழன்று போன இடத்தில் வேறு அர்த்தம் தெரிந்தது. 'அவர்கள்' என்பது மரியாதை மட்டுமா? அவன், அவள், அது, அவர்கள். பல பேர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும்.

கோவிந்தனைக் கூப்பிட்டேன். "இப்போது நான் சொல்கிறபடி சொல். 'மங்கபதி நாயுடு' என்று சொல்லி நிறுத்து. மூச்சு விடு. பிறகு, 'அவர்கள் உள்ளே வரலாம்' என்று சொல்."

"அவர்கள்னா யாரு சார்?"

"யாரோ. சாட்சிகள். நீ அதைப் பற்றிக் கவலைப்படாதே. நடுவில் மூச்சு விடுவதில் மட்டும் கவனமாக இரு. முனிசீப் காதில் இரண்டு வாக்கியமாக விழ வேண்டும். வேப்ப மரத்தடியில் ஒரே வாக்கியமாக விழ வேண்டும்."

"ரெண்டு எடத்துல ரெண்டு மாதிரி விழணும்னா எங்க சார் மூச்சு விடறது?"

"உள்ளே பார்த்து மூச்சு விடு, வெளியே பார்த்துக் கத்து."

கோவிந்தன் வாசலில் நின்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். இழுத்த மூச்சை விட மறந்துவிட்டான்.

"மங்கபதி நாயுடு அவர்கள் உள்ளே வரலாம்."

நாயுடு எழுந்தார். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். தடியை ஊன்றிக்கொண்டு, கோவிலுக்குள் போகிறவர் மாதிரி நிதானமாகப் படியேறினார். பின்னால் நாற்காலி வந்தது.

நாற்காலிக்குப் பின்னால் எல்லோரும் வந்தார்கள். காலையிலிருந்து வெயிலில் குந்தியிருந்த அத்தனை வழக்குக்காரர்களும் சாட்சிகளும், அவர்கள் உள்ளே வரலாம் என்று கோர்ட்டே சொன்னதாக எடுத்துக்கொண்டு ஒரே சமயத்தில் எழுந்துவிட்டார்கள். நகரியிலிருந்து நூல் தகராறுக்காக வந்த தறிக்காரர்கள் தறித் துணி மூட்டையோடு வந்தார்கள். மாட்டு வைத்தியர் வந்தார். எந்த வழக்கிலும் சம்பந்தமில்லாத மோர்க்காரி பானையோடு வந்தாள். வக்கீல்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. யாரோ ஒருவன் சாட்சிக் கூண்டில் ஏறி, கையைக் கட்டிக்கொண்டு, சத்தியம் செய்யத் தயாராக நின்றான். அவன் பிரதிவாதி ஏகாம்பரத்தின் வண்டிக்காரன் என்று பிறகு தெரிந்தது.

முனிசீப் பேனாவைக் கீழே வைத்தார்.

"இவர்களை யார் உள்ளே விட்டது?"

கோவிந்தன் என்னைப் பார்த்தான். நான் எழுந்து நின்றேன்.

"என்ன சொல்லிக் கூப்பிட்டீர்கள்? அதை அப்படியே சொல்லும்."

இந்த இடத்தில் பொய் சொல்ல வசதியாகத்தான் இருந்தது. இருமல் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "'மங்கபதி நாயுடு' என்று சாட்சியைக் கூப்பிட்டோம் ஐயா. பிறகு 'அவர்கள் உள்ளே வரலாம்' என்றோம்" என்றேன்.

"அவர்கள் என்றால் யார்?"

"இவர்கள்தான் ஐயா" என்று கூட்டத்தைக் காட்டினேன். வேறு என்ன சொல்வது?

அவர் என்னைப் பார்த்தார். நாயுடுவைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். பிறகு சட்டப் புத்தகத்திலிருந்து படிப்பவர் குரலில் சொன்னார்: "'அவர்கள்' என்பது பன்மை. கூப்பிட்டதன் பேரில் எல்லோரும் வந்திருப்பதால், எல்லோரையும்தான் கூப்பிட்டிருக்கிறது. ஆகவே எந்தச் சாட்சிக்கும் தனி மரியாதை எதுவும் ஏற்படவில்லை. மற்றவர்கள் வெளியே போகலாம். நாற்காலியும் போகலாம்."

நாயுடு தமக்குக் கிடைத்தது கிடைத்துவிட்டது என்ற திருப்தியோடு கூண்டில் ஏறினார்.

நான் சத்தியம் வாங்கினேன். அடுத்து முனிசீப் கேட்க வேண்டிய முதல் கேள்வி உங்களுக்குத் தெரியும்.

"உமது பெயர்?"

நாயுடு வாயைத் திறந்தார். "மங்கபதி நாயுடு" என்றார். பிறகு நின்றுவிட்டார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவருக்கும் அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். தன் பெயருக்குப் பின்னால் தானே 'அவர்கள்' என்று சொல்லிக்கொள்ள எந்த மனிதனுக்கும் நாக்கு வராது. அவருடைய உதடு 'அ' என்று திறந்தது. மூடிக்கொண்டது. கோர்ட்டே அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அவ்வளவுதானா?" என்று முனிசீப் கேட்டார். குரலில் ஏளனம் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

"அவ்வளவுதான்" என்றார் நாயுடு.

"எழுதிக்கொள்ளும், கிளார்க்."

அந்த வார்த்தையின் சட்ட நிலைமை என்ன என்று என்னைக் கேட்டவருக்கு என் முழுப் பதில் இதுதான். சத்தியம் செய்துவிட்டு நீங்களே சொல்லக் கூடியது எதுவோ அது உங்கள் பெயர். மற்றவர்கள் சொன்னால்தான் உண்டு என்பது மரியாதை. அதற்காகச் சண்டை போடலாம், கோர்ட்டுக்குப் போய் வாங்க முடியாது.

கதை இதோடு முடிந்திருந்தால் வெறும் வேடிக்கையாகப் போயிருக்கும். விசாரணை பாக்கி இருந்தது.

பொன்னம்மாளின் வக்கீல் கேட்ட முதல் விசாரணையில் நாயுடு கம்பீரமாகவே பேசினார். பெரியவர் பாகம் பிரித்தபோது தாம் மத்தியஸ்தராக இருந்ததாகவும், கிணறு இரண்டு மகன்களுக்கும் சமம் என்று பெரியவர் சொல்லக் கேட்டதாகவும் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்ததும் அந்த மத்தியஸ்தர் என்ற வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டார்.

"அப்போது குடிபாலாவில் உமக்கு என்ன தொழில்?"

"கடலை வியாபாரம்."

"முதலாளி யார்?"

நாயுடு ஒரு பெயரைச் சொன்னார்.

"ஆக, வியாபாரம் அவருடையது. உம்முடைய வேலை என்ன?"

"மூட்டை..." என்றார் நாயுடு.

"மூட்டை வாங்குவதா, விற்பதா?"

"தூக்கறது."

"மூட்டை தூக்குகிற ஆளை மத்தியஸ்தராக வைத்துக்கொண்டு ஒரு குடியானவப் பெரியவர் பாகம் பிரித்தார் என்று சொல்கிறீர். நம்பும்படியாகவா இருக்கிறது? நீர் அங்கே இருக்கவே இல்லை. உத்தியோகம் வந்த பிறகு உம்முடைய பெயரை வைத்துச் சாட்சி சேர்க்கிறார்கள். அதுதானே?"

நாயுடு ஜரிகைத் தலைப்பாகையைக் கழற்றிக் கூண்டின் விளிம்பில் வைத்தார். தலையில் அழுத்தியிருந்தது போலிருக்கிறது. பொன்னம்மாளை ஒரு தரம் பார்த்தார். தாம் இப்போது சொல்லப்போவதைச் சொன்னால், திருப்பதிக் கடைத்தெருவுக்கு அது அவர் போகும் ரயிலுக்கு முன்னாலேயே போய்ச் சேரும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை.

"மத்தியஸ்தம்னு சொன்னது நானா சேர்த்துக்கினது. அத எடுத்துடுங்க" என்றார். "நான் மூட்டையத் தூக்கிக்கினு களத்து மேட்டு மேல போய்க்கினு இருந்தேன். பெரியவரு என்னப் பார்த்துக் கூப்பிட்டாரு."

"என்னவென்று கூப்பிட்டார்? அதே வார்த்தையில் சொல்லும்."

வக்கீல் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. பதில் தெரியாத கேள்வியைக் கேட்காதே என்று அவர்களுக்கே சொல்லிக் கொடுக்கிறார்கள்.

நாயுடு தொண்டையைச் செருமினார். பெரியவருக்கு மூக்கால் பேசுகிற குரல் போலிருக்கிறது. அந்தக் குரலிலேயே ஆரம்பித்தார்.

"'டேய் மங்கா. மூட்டைய அப்படிப் போட்டுட்டு இங்க வாடா. இவனுங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு நாளு தண்ணி எறைக்கணும்னு சொல்லிக்கீறேன். கெணறு ரெண்டு பேருக்கும்தான். நாளைக்கு இவனுங்க அடிச்சிக்கினாங்கன்னா நீ வந்து சொல்லணும். இன்னாடா முழிக்கிற, காதுல விழுந்துச்சா?'"

கோர்ட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏகாம்பரம் மட்டும் எழுந்து நின்றுவிட்டான். "எங்க தாத்தா கொரலு" என்றான். தன்னை மறந்து சொன்னான். வக்கீல் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பதற்குள் முனிசீப் அதை எழுதிக்கொண்டுவிட்டார்.

"உம்மையா 'டேய்' என்று கூப்பிட்டார்?" என்று வக்கீல் ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டார்.

"என்னத்தான். அப்பல்லாம் ஊரே என்ன அப்படித்தான் கூப்புட்டுச்சு" என்றார் நாயுடு. "அவரு கூப்பிட்டதும் போனேன். காதுல விழுந்துச்சுன்னு சொன்னேன். சொன்னதுக்குத்தான் இன்னிக்கு வந்து நிக்கறேன்."

வழக்கில் பொன்னம்மாள் ஜெயித்தாள். தீர்ப்பு வருகிற வரைக்கும் அவள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே ஏகாம்பரம் முள்ளை எடுத்துப் போட்டுவிட்டான். தாத்தா குரலைக் கேட்ட பிறகு அவனால் வீட்டில் சாப்பிட முடியவில்லை என்று அவன் வண்டிக்காரன் எங்கள் கோவிந்தனிடம் சொன்னானாம். நாற்று பிழைத்தது.

எனக்கு முனிசீப்பின் அறையில் தனியாகத் திட்டு கிடைத்தது. கோர்ட்டை ஏமாற்றப் பார்த்தீர் என்றார். ஆமாம் ஐயா என்றேன். இன்னொரு தரம் செய்தால் வேலை போகும் என்றார். சரி ஐயா என்றேன். கதவு வரைக்கும் போனவனைக் கூப்பிட்டு, "நாளையிலிருந்து எல்லாச் சாட்சிகளையும் பெயர் சொல்லி, 'உள்ளே வரலாம்' என்று கூப்பிடச் சொல்லும். 'அவர்கள்' வேண்டாம். 'வரலாம்' போதும்" என்றார். அவர் அந்தக் கோர்ட்டில் இருந்தவரை அப்படித்தான் நடந்தது. ஆகவே அந்த நாற்காலியில் உட்காரப்போகிற நீங்கள் சட்டத்தை வளைக்க வேண்டாம். அவசரத்தில் தமிழை வளைப்பதாக இருந்தால், டவாலிக்கு மூச்சு விடுகிற இடத்தை நன்றாகப் பழக்கிவிட்டு வளையுங்கள். பிடிபட்டால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

தீர்ப்பு வந்து சில நாள் கழித்து நாயுடு அதன் நகல் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். கோர்ட் இங்கிலீஷில் எழுதிய தீர்ப்பு. அதில் சாட்சிகளின் பெயர் வராது, எண்தான் வரும். வாதி தரப்பில் மூன்றாவதாகச் சாட்சி சொன்னவர் பி.டபிள்யூ. 3. திருப்பதியில் ஒரு வாத்தியாரைப் படிக்கச் சொல்லியிருக்கிறார். பி.டபிள்யூ. 3 சொன்னது தன் மதிப்பைக் குறைக்கக் கூடியதாக இருந்தும் சொன்னார், ஆகவே அவரை இந்தக் கோர்ட் முழுமையாக நம்புகிறது என்று எழுதியிருந்ததாம்.

பிறகு ஒருமுறை நான் குடும்பத்தோடு திருப்பதிப் பக்கம் போனபோது, வீட்டுக்கு ஒரு செம்பு வாங்க அந்தக் கடைக்குப் போனேன். பலகைக்குப் புதுசாக வர்ணம் அடித்திருந்தது. 'மங்கபதி நாயுடு, பி.டபிள்யூ. 3, பித்தளைப் பாத்திர வியாபாரம்.' எனக்கு முன்னால் நின்றிருந்த யாத்திரைக்காரர் ஒருவர், அது பி.ஏ.வுக்கு மேலே உள்ள படிப்பா என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பெரிய பரீட்சைங்க" என்றார் நாயுடு, செம்பைத் துடைத்துக்கொண்டே. "சித்தூர்ல குடுக்கறாங்க."